ஹோல்ட் ஆன்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்
லேமினேட் செய்த ஒரு தாள்.
ஹோல்ட் ஆன் என்றால் பொறுத்திருக்கச் சொல்வது.
ஹேங் ஆன் என்றாலும் அதுவேதான்.
ஹேங் அப் மட்டும் செய்துவிடாதே,
வேலை போய்விடும்.
அந்த அப்புக்கு அடியில்
புவான் நோர்ஹயாத்தி சிவப்பு மையால்
இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

நூற்றுப் பன்னிரண்டு கட்டடங்களின் மின்தூக்கிகள்
பங்சார் சவுத்தில், என் இடது காதில் வந்து நிற்கின்றன.
மணி அடித்தால், யாரோ
இரண்டு மாடிகளுக்கு நடுவில்.
ஸ்டக் அப், ஸ்டக் அப் என்று கத்துவார்கள்.
அகராதியில் அதற்குத் திமிர் பிடித்தவன் என்று பொருள்.
இருட்டில் நிற்பவரிடம் அதைப் போய்ச் சொல்வார்களா?

நேற்றிரவு ஒன்பது நாற்பதுக்கு
செந்தூல், பி பிளாக்,
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்
தெய்வயானை என்றொரு பெண்.

"ஹோல்ட் ஆன் மேடம்."
"எதப் புடிக்கிறது?
ஒரு கையில அஞ்சு கிலோ அரிசி,
ஒரு கையில அடுப்பு.
கம்பி போன வருசமே கழண்டு போச்சு."

மியூட்டை அழுத்திவிட்டுச் சிரித்தேன்.
பிறகுதான் உறைத்தது.
கழன்று போன கம்பி எங்கே போனது?
எங்கும் போயிருக்காது,
அங்கேயே மூலையில் சாய்ந்து கிடக்கும்.
நாம் அப்படித்தான்,
ஒரு வினை போதாமல்
இன்னொன்றை அதன் முதுகில் ஏற்றுகிறவர்கள்.
வெள்ளைக்காரன் துண்டுச் சொல்லை ஏற்றினான்.
பிரேக் டவுன் ஆன மின்தூக்கி
டவுன் வரவில்லை.
அதுதானே புகாரே.

ஹஃபிஸ் கெப்போங்கிலிருந்து மோட்டாரில் கிளம்பியிருந்தான்.
சாலான் கூச்சிங்கில் வெள்ளம்.
ஹெல்ட் அப், என்று ஒரு செய்தி,
கூடவே பாலத்தடியில் ஒதுங்கிய மோட்டார்களின் படம்.
யாரும் யாரையும் மேலே தூக்கிப் பிடித்திருக்கவில்லை.

"வெளக்கும் ஆஃப் ஆயிருச்சும்மா."
அந்த ஆஃப் எந்த வினைக்குப் பின்னால் நின்றிருந்ததோ,
அதைக் கப்பலிலேயே விட்டுவிட்டு
வாலை மட்டும் பிடித்து இறக்கியிருக்கிறோம்.
ஆன் பண்ணு, ஆஃப் பண்ணு,
வீடு நடக்கிறது.

தாளின்படி அடுத்து வருவது காம் டவுன்.
நான் சொல்லவில்லை.
"இந்நேரத்துல அடுப்போட எங்கம்மா?"
"வந்துட்டேன்," என்றாள்.

வந்து, விட்டேன்.
ஒரே சொல்லில் இரண்டு கதவு.
எங்கிருந்து என்று கேட்கவில்லை.
"அடுப்பு என் காசு. அதான் எடுத்துக்கிட்டேன்.
மத்ததெல்லாம்..."
மற்றதற்கு அவள் வினையே வைக்கவில்லை.

பயிற்சியின் மூன்றாம் நாள்
புட் அப் வித் சொல்லிக் கொடுத்தார்கள்,
ஒரு வினை, இரண்டு வால்.
நோட்டின் ஓரத்தில் தமிழில் எழுதிவைத்தேன்:
பொறுத்துப் போ.
அதிலும் ஒரு போ இருக்கிறது.
ஆனால் பொறுத்துப் போனவர்கள்
எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை.

இருபத்தாறாவது நிமிடம்.
அப்போதுதான் ஸ்பீக்கரில் அந்த மூச்சைக் கவனித்தேன்,
சுமக்கிறவர்களின் மூச்சு.
"இன்னும் கையிலயா வெச்சிருக்கீங்க?"
"நீங்கதானே புடிச்சுக்கச் சொன்னீங்க."

"கீழ வெச்சிருங்கம்மா."

முதலில் இரும்பு.
பிறகு அரிசி, பொத்தென்று.
பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை,
அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்த சத்தம் தவிர.

பத்து இருபதுக்கு ஹஃபிஸ் கதவைப் பிளந்தான்.
படிவத்தில் ஒரு கட்டம்:
அழைத்தவர் காம் டவுன் ஆனாரா?
ஆம் என்று குறித்துவிட்டு
டவுனுக்கு அடியில் நானும் ஒரு கோடு போட்டேன்.
நீல மை.

இன்று காலை அதே கட்டடத்திலிருந்து புகார்,
கதவு சரியாக மூட மாட்டேன் என்கிறதாம்.
பள்ளத்தில் அரிசி.